முறை

நீடாமங்கலம் அரிசி ஆலையில்
என் விரல்தான் முதலில் வேலை இழந்தது.
ஆறு மணி ஷிப்டுக்கு ரேகை வைத்தேன்.
இப்படி ஒரு ஆள் இல்லை என்றது மிஷின்.
வேட்டியில் துடைத்து வைத்தேன். எச்சில் தொட்டு வைத்தேன்.
உமித் தூசி என்றுதான் நினைத்தேன்.
காவல்காரர் பக்கிரிசாமி முகம் பார்க்காமல்
கம்பிக் கதவின் இடுக்கு வழியே
என் லுங்கியையும் சோப்பு டப்பாவையும் நீட்டினார்.
"ஒனக்கு மட்டுமில்ல. ஒம்பது பேரு."

எந்த ஒன்பது? ஏன் ஒன்பது?
யார் உட்கார்ந்து எண்ணியது?
பதினோரு வருஷம் எலிவேட்டருக்கு எண்ணெய் விட்டவன் வெளியே.
போன ஆடியில் வந்து
புழுங்கலுக்கும் பச்சைக்கும் வித்தியாசம் கேட்ட
முதலாளி மச்சினன் உள்ளே.

அந்த வாரம் பெரிய பெல்ட்டை யாரோ அறுத்திருந்தார்கள்.
போலீஸ் கேட்டது. யாரென்று எனக்குத் தெரியும்.
இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.
நான் செய்தது வேறு.
டீக்கடை டீக்கடையாகப் போய்
அந்த எடைமேடை மூட்டைக்கு ஒண்ணரைக் கிலோ தின்னும் என்றேன்.
பொய்யில்லை.
ஆனால் சம்பளம் வாங்கிய பதினோரு வருஷமும்
அது என் வாயில் வந்ததில்லை.

அடுத்தது கொரடாச்சேரி. நாலே வருஷம்.
நிறம் பார்த்து அரிசி பிரிக்கும் மிஷின் வருகிறது,
சித்திரையோடு ஆறு பேர் போகவேண்டியிருக்கும் என்று
தை மாதமே சொல்லிவிட்டார்கள்.
மேனேஜர் தையல்நாயகி
தவிட்டு மூட்டை மேல் கணக்கு நோட்டை விரித்தார்.
கரண்ட் பில், பேங்க் கடன், அதன் வட்டி.
எழுத்துத் தெரியாதவர்களுக்கு
விரல் வைத்துப் படித்துக் காட்டினார்.
கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போகவேண்டும்.
இரண்டாவது பெயர் அவருடைய தம்பி மகன்.
"தப்பு இருந்தா இப்பவே சொல்லுங்க."

மரியசூசை கை தூக்கினான்.
"எந் தேதி தப்பும்மா. கஜா அடிச்ச வாரம் சேந்தேன்.
பறந்து போன தகரத்தத் தேடிக் கொண்டாந்ததே நாந்தான்."
கரையான் அரித்த கூலி நோட்டு ஒன்று வந்தது.
அவன் கைநாட்டு அதில் இருந்தது.
அவன் பெயரை அடித்தார்.
அந்த இடத்துக்கு அடுத்த பெயர்
மறு தையில் சேர்ந்த என்னுடையது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் அந்தக் கைநாட்டைப் பார்த்தேன்.
கோபம் வரட்டும் என்று காத்திருந்தேன்.

எங்கள் ஊர் வெண்ணாற்றுக் கடைமடை.
ஆற்றில் தண்ணீர் இளைத்தால் முறை வைப்பார்கள்.
முறை வந்தும் எட்டாமல் காய்ந்த பயிரை
மாட்டுக்கு அறுத்துப் போட்டுவிட்டுப்
பேசாமல் படுத்திருக்கிறோம்.
ராத்திரியில் யாரோ மதகைத் திருப்பிக் காய்ந்த வருஷம்
மண்வெட்டியோடு போனோம்.
இரண்டு வருஷமும்
ஒரு மரக்கால் நெல் வீட்டுக்கு வரவில்லை.

கடைசி நாள் கவரைக் கொடுத்து
எண்ணிப் பார்க்கச் சொன்னார்கள். சரியாக இருந்தது.
மூன்றாவது எலிவேட்டர் பேரிங் சூடேறும்,
ரெண்டு நாளுக்கு ஒரு தடவை பார்க்கவும் என்று
சாக்கட்டியால் அதன் மேலேயே எழுதிவிட்டு வந்தேன்.
யாரும் எழுதச் சொல்லவில்லை.

பவுனம்பாளிடம் எல்லாம் சொன்னேன்.
அரிசி களைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.
"நியாயமா அனுப்பிச்சா
குழுக்காரி தவணை கேக்க மாட்டாளா?"
கேட்பாள். வெள்ளிக்கிழமை வருவாள்.
எனக்குத் தூக்கமாவது வருகிறது என்று சொல்லப் போய்
வாயை மூடிக்கொண்டேன்.

வைகாசியில் ஒரு ராத்திரி போன்.
"அண்ணே, மூணாவது எலிவேட்டரு கத்துது."
மரியசூசை குரல்.
நீடாமங்கலத்தில் கத்தியிருந்தால்
புரண்டு படுத்திருப்பேன்.
சைக்கிளை எடுத்தேன்.
"கூலி கேளு" என்றாள் இருட்டிலிருந்து.
கேட்பேன்.
அங்கே கேட்கலாம்.